வித்தியாதிகாரி வாங்காத பந்து

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கிரிக்கெட் பந்து இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பந்து. ஒரு பக்கம் தையல் பிரிந்துவிட்டது; சுண்ணாம்பும் மஞ்சள் பாரித்து அங்கங்கே உதிர்ந்துபோயிற்று. வீடு துப்புரவாக்கும் போதெல்லாம் மகள் அதை எறியப் பார்ப்பாள், நான் சத்தம் போடுவேன். ஒரு பந்துக்காக அப்பா ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று தாயிடம் போய் முறையிடுவாள். குதிக்கத்தான் செய்வேன். பழைய பொருளைக் கையில் எடுத்தால் மனம் இளகும், கண் கலங்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்தப் பந்தைத் தொட்டால் எனக்குக் கோபம்தான் வரும். இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை, ஆறவேண்டும் என்ற விருப்பமும் எனக்கு இல்லை.

பந்து எங்கள் ரீச்சருடையது. ரீச்சர் என்றதும் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவரை நினைத்துவிட வேண்டாம். அவர் என்னைவிட இளையவர். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், பௌதிகத்தில் சிறப்புப் பட்டம். நாங்களோ பட்டத்தைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, வேலை இல்லாமல் உள்துறைமுக வீதியில் கப்பல் பார்த்துத் திரிந்த பட்டதாரிகள். அந்த நாட்களில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆரம்ப வானியல் படிப்பிக்க ஒரு பரீட்சார்த்த வகுப்புத் தொடங்கினார்கள். ரீச்சர் மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு விரிவுரை செய்வார். பிறகு பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, கேட்டதைப் பற்றித் தங்களுக்குள் கதைக்க வேண்டும். அந்தக் கலந்துரையாடல் வகுப்புகளை நடத்தத்தான் எங்களை எடுத்தார்கள். எங்களைப் பழக்குவது ரீச்சரின் பொறுப்பு. வருட முடிவில், பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வித்தியாதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் வகுப்பு நிலைக்கும், ரீச்சர் இங்கேயே இருந்து அதை நடத்துவார். இல்லையென்றால் எல்லாம் அதோடு முடிந்தது. எங்களுக்கு எப்படியும் எங்கேயோ ஓர் ஆசிரியர் வேலை கிடைக்கத்தான் போகிறது. இழப்பதற்கு இருந்தவர் ரீச்சர் ஒருவர்தான்.

அது அறுபதுகளின் கடைசி, போயா விடுமுறைக் காலம். இளையவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சில வருடங்களாக நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இல்லை. அமாவாசை, பூரணை, இடையில் வரும் இரண்டு அரைச் சந்திர நாட்கள், இந்தப் போயா நாட்கள்தான் வார விடுமுறை. ரீச்சர் ஞாயிறு விடியற்காலைப் பூசையைக் கண்டுவிட்டு அந்தச் சேலையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருவார். நாடு முழுக்கச் சந்திரனைப் பார்த்துக் கடை பூட்டியது, அரசாங்கக் கந்தோர் பூட்டியது. அந்தச் சந்திரன் ஏன் தேய்கிறது என்று கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது, அது வேறு கதை.

போயா நாட்களில் எங்களுக்குப் பயிற்சி. முதல் நாள் ரீச்சர் எங்களைப் பிள்ளைகள்போல வாங்கில் இருத்திவிட்டு, சந்திரன் ஏன் தேய்கிறது என்று கேட்டார். பட்டதாரிகள் அல்லவா, இது ஒரு கேள்வியா என்ற இளக்காரத்தோடு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னோம்: பூமியின் நிழல் விழுகிறது. ரீச்சர் பிழை என்று சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்த பழைய பந்துக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே கூட்டிப்போனார். அரைச் சந்திரப் போயா, காலை வேளை. கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே துறைமுகத்துக்கு மேல் அரைச் சந்திரன் வெளிறிப்போய் நின்றது. பந்தைச் சந்திரன் நின்ற திசைக்கு நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். பந்தில் பாதி வெயில், பாதி இருட்டு. மேலே சந்திரனிலும் அதே பாதி, அதே சாய்வு. இரண்டுக்கும் வெளிச்சம் கிழக்கே நின்ற ஒரே சூரியனிலிருந்துதான் வந்தது. நிழல் விழவேண்டுமானால் சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி போய் நிற்கவேண்டும். அது கிரகணத்தன்று மட்டும் நடக்கிற காரியம். இவ்வளவையும் அவர் வாயால் சொல்லவில்லை. பந்து கைக்குக் கை மாற, நாங்களாகவே சொல்லிக்கொண்டு வந்தோம். நான் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவன். அங்கே ஒருவரும் என்னை வெளியே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் பயிற்சியின் கடினமான பகுதி. ரீச்சருக்கு ஒரே ஒரு சட்டம்: பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடாது. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும். பிள்ளை பிழையாகச் சொன்னாலும் முகம் மாறக்கூடாது, "ஏன் அப்பிடி நினைக்கிறீங்கள்?" என்று அடுத்த கேள்வி. "நீங்கள் சொன்னால் பிள்ளை எழுதும், அவ்வளவுதான். கண்டால்தான் நம்பும்" என்பார். எங்களில் ஒருவர் மாறி ஒருவர் வாத்தியாராக நிற்போம், மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்து குறுக்குக் கேள்வி கேட்போம். யாராவது வாய் தவறிப் பதிலைச் சொன்னால் ரீச்சர் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சொல்லிக்கொடுப்பது லேசு. தெரிந்ததைத் தொண்டையில் நிறுத்திக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அதிலே அதிகம் பாடுபட்டவர் துறைமுகத்துக்கு அக்கரை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வரும் நானா. எங்களுக்குள் வயதில் மூத்தவர் என்றபடியால் ரீச்சர்கூட அவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார். வெண்கலக் குரல், தாராள மனம், யாராவது ஒன்று கேட்டால் பத்துச் சொல்லுவார். அவர் வாத்தியாராக நிற்கும்போது மேசை ஓயாமல் தட்டுப்பட்டது. ஒருநாள் ரீச்சரிடமே, "கதைக்காம நிக்க என்னால ஏலாது ரீச்சர், நெஞ்சு அடைக்குது" என்றார். பிறகு தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்புக்குப் போகுமுன் ஓர் ஏலக்காயைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். பதில் வாய்க்கு வரும்போது ஏலக்காயைக் கடிப்பார், திருப்பிக் கேட்பார், நிற்பார். ஆறாம் ஏழாம் மாதமளவில் மனிசனுக்கு அது மூச்சு விடுவதுபோல வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவரிடம்கூட, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வித்தியாதிகாரி வந்தது ஓர் அரைச் சந்திரப் போயாவுக்கு மறுநாள் காலை. கழுத்துப்பட்டி, மடிப்புக் குலையாத லோங்ஸ் காற்சட்டை, பின்னால் அவர் இருக்கக் கதிரை தூக்கிக்கொண்டு ஒரு பியூன். மற்றக் குழுக்களை எட்டிப் பார்த்துவிட்டு நானாவின் வகுப்பில் போய் அமர்ந்தார். நானும் ரீச்சரும் பின்னால் நின்றோம். பிள்ளைகள் வழக்கம்போல ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நானா கைகட்டி நின்றார். அதிகாரியின் முகம் சுருங்கியது. வாத்தியார் படிப்பிக்காமல் ஏன் மரம்போல நிற்கிறார் என்று கேட்டார். பிறகு எழுந்து முன்னால் போய், எங்கே, சந்திரன் ஏன் தேய்கிறதென்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும் பார்ப்போம் என்று நானாவுக்கு உத்தரவு போட்டார்.

நானாவுக்கு வேர்த்துவிட்டது. வாயில் ஏலக்காய் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, சேர்?"

மனிசன் துடுக்காகக் கேட்கவில்லை. பழக்கிய மாடு தன் பாதையில் போனதுபோல அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது. அதிகாரியும் பிள்ளைகள் முன்னால் பின்வாங்க விரும்பவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பூமியின் நிழல் சந்திரனில் விழுகிறது, அது மெல்ல மெல்ல மூடுகிறது என்று கணீரென்று சொன்னார். நானாவின் வாய் அடுத்த படிக்கும் போய்விட்டது: ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அதிகாரி பதில் சொல்லுமுன் யன்னல் ஓரத்துப் பெண்பிள்ளை ஒன்று எழுந்தது. இறக்கக்கண்டியிலிருந்து வருகிற பிள்ளை, நல்ல மரியாதையான பிள்ளை. பெரியவரும் தங்களோடு கலந்துரையாட வந்திருக்கிறார் என்று நம்பிவிட்டது.

"சேர், சூரியன் அந்தப் பக்கம் நிக்குது. சந்திரன் இந்தா, இந்தப் பக்கம் நிக்குது. நாங்கள் நடுவிலை இல்லையே. பிறகு பூமியின்ரை நிழல் எப்பிடி அங்கை விழும்?"

யன்னலுக்கு வெளியே, பாதிக்குச் சற்றுக் குறைந்த சந்திரன் பகல் வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிய நின்றது. அதிகாரி அதைப் பார்க்கவில்லை. ரீச்சரைப் பார்த்தார். நானும் ரீச்சரைத்தான் பார்த்தேன். சேர் உங்களைச் சோதிக்கிறார் பிள்ளைகள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சிரிப்போம், அவரும் சிரிப்பார், வகுப்புத் தப்பிவிடும். அந்த வார்த்தை ரீச்சருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர், மேசையிலிருந்த வெள்ளைப் பந்தை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக அதிகாரி முன் நீட்டினார். "வாங்கோ சேர், வெளியிலை போய்ப் பிடிச்சுப் பார்ப்பம். நாங்கள் எல்லாரும் முதல் நாள் அப்பிடித்தான் சொன்னனாங்கள்" என்றார். அந்தக் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. முதல் நாள் எங்களை அழைத்த அதே குரல்தான். அந்த மனிதர் கையை நீட்டவில்லை. பியூனைக் கூப்பிட்டுக் கதிரையை எடுக்கச் சொன்னார்.

முடிவு வர நாளெடுக்கவில்லை. வகுப்பில் படிப்பித்தல் நடக்கவில்லை, ஆசிரியர்களுக்கு விடை தெரியாது, பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துக் கேட்கப் பழக்கப்பட்டிருக்கிறார்கள், ஆகவே மூடவும். எங்களைப் பல திசைக்கும் பிரித்து அனுப்பினார்கள். ரீச்சரை மலைநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், தையல் படிப்பிக்க. தையல்! பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் எடுத்த ஒருவரை ஊசியில் நூல் கோக்க அனுப்பியதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாங்கள் கூட்டமாகக் கல்விக் கந்தோருக்குப் போனோம். பொம்பிளைப் பிள்ளைக்குக் கொஞ்சம் பணிவு வேண்டும் தம்பி என்றார்கள். அப்படியானால் சந்திரனுக்கும் பணிவு போதாது, அதையும் எங்கேயாவது மாற்றுங்கள் என்று நான் கத்தினேன். என்னை வெளியே பிடித்துத் தள்ளாத குறை. அதைவிட என்னை எரித்தவர்கள் எங்கள் ஊர் நல்ல மனிசர். ரீச்சர் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம், ஒரு சின்னப் பொய்தானே என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். பிழையாகச் சொன்னவர் வளையவேண்டும் என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடச் சொல்லவில்லை. இது என்ன நியாயம்?

ரீச்சர் புறப்பட்ட காலை புகையிரத நிலையத்துக்கு நானும் நானாவும் போயிருந்தோம். நானா அழுதார். "எல்லாம் என்ட வாயால வந்த வினை ரீச்சர்" என்றார். ரீச்சர் அவரைப் பேசவிடவில்லை. "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை நானா. நான் பழக்கின மாதிரியே செய்தனீங்கள். அண்டைக்குத்தான் நான் நல்லாப் படிப்பிச்சிருக்கிறன் எண்டு எனக்குத் தெரிஞ்சது" என்றார். பந்தை என் கையில் தந்துவிட்டு ரெயில் ஏறினார். தையல் வகுப்பில் சில காலம் இருந்தாராம். பிறகு வேலையை விட்டுவிட்டாராம். கடல் கடந்து போனதாகவும் ஒரு கதை. எங்கே என்று எனக்குத் தெரியாது. வித்தியாதிகாரி படிப்படியாக உயர்ந்தார், மாலைகள் வாங்கினார், ஓய்வுபெற்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மூதூரிலிருந்து லோஞ்சில் திரும்பிக்கொண்டிருந்தேன். நானா அங்கே ஒரு பள்ளிக்கூட அதிபராகியிருந்தார். தன் பிள்ளைகளுக்குக் காட்ட என்று பந்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பின்னேரம், கிழக்கே அரைச் சந்திரன் ஏறி நின்றது. பக்கத்தில் வந்து இருந்த வயதானவர் அதே வித்தியாதிகாரி. என் பையில் தெரிந்த பந்தைக் கனநேரம் பார்த்தார். அட, அந்தப் பிள்ளையின் பந்தல்லவா என்றார். ஞாபகம் இருந்திருக்கிறது! நல்ல கெட்டிக்காரப் பிள்ளை என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"ஏன் தம்பி, அவ ஏன் வேலையை விட்டிட்டுப் போனவ?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வருடக்கணக்காக வாய்க்குள் வைத்திருந்த ஏச்செல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. தொண்டையில் நிறுத்தினேன்.

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள், சேர்?"

கேட்டுவிட்டு, ரீச்சர் பழக்கியபடி, முகம் மாறாமல் காத்திருந்தேன். அவர் கடலைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். லோஞ்சு துறைமுகத்துக்குள் திரும்பி, இறங்குதுறையில் வந்து கட்டும்வரைக்கும் நான் அந்த மௌனத்தை உடைக்கவில்லை. அவர் இறங்கிப் போனார்.

நேற்றும் மகள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.