ஒரு கைக்கு ரொட்டி இல்லை

ஈரப் பளிங்கில் வெறுங்காலை வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது... ஜனவரி மாத அமிர்தசரஸ். லண்டன் குளிரையே பார்த்தவன் என்ற திமிர் முதல் நிமிடத்தில் போய்விட்டது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் இருவரையும் தெரிந்த லண்டன் ஆபீஸ் நண்பர் குர்மீத் தன் மகனின் கல்யாணத்துக்கு ஜலந்தருக்கு அழைத்திருந்தார். என்னை மட்டுமல்ல, என் அண்ணையையும். நாங்கள் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் மறுநாள் பொற்கோயில் பார்த்துவரச் சொல்லி இருவரையும் ஒரே காரில் ஏற்றிவிட்டார்.

இரண்டு மணி நேரம். ஆளுக்கொரு ஜன்னல். நடுவில் அண்ணையின் ஜாக்கெட்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில், ஸ்ட்ரெதமில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்துபோனார். போன் அண்ணைக்குத்தான் வந்தது. நாலு நாள் என்னோடு ஒரே சட்டிச் சோறு தின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் எரிந்து முடிந்தபின்தான் சொன்னார். என் அகதிக் கேஸ் அப்போது முடிந்திருக்கவில்லை. அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரின் மறுகோடியில் இருக்கும் இல்ஃபோர்டுக்குப் போய்விட்டேன்.

கோயில் வாசலில் சப்பாத்துகளை வாங்கிவைத்தவர், சேர்ந்து வந்தவர்கள்தானே என்று இரண்டு சோடிக்கும் ஒரே டோக்கன் கொடுத்தார். அண்ணை அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இனி அவரை விட்டுவிட்டுக் கிளம்பவும் வழியில்லை. தலையில் ஆளுக்கொரு ஆரஞ்சுத் துண்டு. அவருக்கு அது காதுவரை இறங்கியிருந்தது. சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டேன்.

குளத்தைச் சுற்றிவிட்டு எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கருக்குப் போனோம். ஆயிரம் தட்டுகளின் சத்தம். தரையில் வரிசையாக இருத்தினார்கள், அண்ணையின் தோள் என் தோளில் இடிக்க. பருப்பு வந்தது. பிறகு ஒரு கிழவர் ரொட்டிக் கூடையோடு வந்தார். நான் வலது கையை நீட்டினேன். சாப்பாட்டுக்கு இடது கை நீட்டினால் அம்மாவிடம் அடி விழும் வீடு எங்களுடையது.

கிழவர் ரொட்டியைப் போடவில்லை. கையில் பிடித்தபடி நின்றார்.

என்னைப் பார்த்தால் கொடுக்கத் தோன்றவில்லையாக்கும் என்று நினைத்தேன். எனக்கு எதிலும் முதலில் அவமானம்தான் தெரியும். எழுந்துவிடலாம் என்று காலை மடக்கினேன்.

"ரெண்டு கையையும் ஏந்தடா," என்றார் அண்ணை, என்னைப் பார்க்காமல். "இங்க ஒரு கைக்குப் போடமாட்டினம். உன்ர கௌரவத்தை ஒருக்கா கீழ வை."

ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

ஏந்தினேன். சூடான ரொட்டி இரண்டு உள்ளங்கையிலும் விழுந்தது. கிழவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

சாப்பிட்டு வெளியே வந்து குளத்தோரம் உட்கார்ந்தோம். நான்தான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் டோக்கனை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நீ கேஸையும் விட்டிட்டு ஓடியிருப்பாய். கொழும்பிலயே உன்னைப் பிடிச்சிருப்பாங்கள். பிழைதான். ஆனா திரும்ப அப்பிடி ஒண்டு வந்தாலும் சொல்லியிருக்கமாட்டன்."

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை; இன்றுவரை இல்லை. ஆனால் திரும்பும்போது அந்த ஜாக்கெட் அவர் மடியில் இருந்தது. வழிநெடுக டிரைவரின் ஓட்டத்தை இருவரும் சேர்ந்து திட்டிக்கொண்டு வந்தோம்.

அந்த நாளுக்கு ஒரு படம்கூட இல்லை. அப்போது என் போனில் கேமரா கிடையாது. இப்போது காலைத் தேநீரைக்கூடப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்... அந்தக் கிழவரின் முகம் மறந்துவிட்டது. வெந்த தழும்புள்ள அவர் கட்டைவிரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் குறைவு. அதில் அவர் ஒருவர். குர்மீத் இன்னொருவர்.

போன மாதம் அண்ணைக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைக்கும் ஆபரேஷன். முந்தின நாள் போன் செய்தார். வழக்கம்போல மழை, முழங்கால், கவுன்சில் டாக்ஸ் எல்லாம் பேசினார். வைக்கும் முன் சொன்னார்:

"எனக்கு ஏதும் எண்டா முதல் போன் உனக்குத்தான் எடுக்கவேணும் எண்டு அண்ணிக்குச் சொல்லிப்போட்டன்."

"ஓம்," என்றேன்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தால், அண்ணையின் குரல்தான்.