கீச்சானுக்குக் கட்டிய சுவர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எங்கள் திண்டிவனம் வீட்டுக் கூடத்தில், ரேடியோ வைப்பதற்கென்று அப்பா செய்துவைத்திருந்த மேசையின் மேல், கொஞ்ச காலம் கடல் இருந்தது. ரேடியோ அதற்குப் பிறகுதான் வந்தது.

கடலைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. விழுப்புரத்தில் தங்கிப் படித்து முடித்திருந்த அவருக்கு, தெற்கே கடலோர ஊர் ஒன்றில் மீன்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பாவுக்கோ தம்பி மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே, தன் பக்கத்தில் உட்கார வேண்டும். மீனைத் தின்னலாம், விற்கலாம், அதில் படிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சாப்பாட்டின்போது பேச்சு முற்றி, அப்பா பந்தயம் வைத்தார்.

“கடல் மீனு ஒண்ண தை பொறக்கற வரைக்கும் இந்த வூட்ல உசுரோட வச்சிக் காட்டு. நானே ரயிலேத்தி வுடறேன். செத்துச்சின்னா ஒழுங்கா மண்டிக்கு வந்துடணும்.”

“சரிண்ணா” என்றார் சித்தப்பா. அம்மா இருவருக்கும் ரசம் ஊற்றினாள்.

சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, மூலைகளில் தார் பூசித் தொட்டி செய்து கொடுத்தார். விழுப்புரத்து லாரி ஷெட்டிலிருந்து பழைய டியூப் ஒன்று வந்தது. அதில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக விடுவது ஏற்பாடு. காற்றடிப்பது என் வேலை. கடல்தண்ணீர் மரக்காணத்திலிருந்து மண்குடங்களில் பஸ்ஸேறி வந்தது. “ஏம்ப்பா, உங்க ஊர்ல கெணறெல்லாம் வத்திப்பூடுச்சா?” என்று கண்டக்டர் கேட்டாராம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் தொட்டிக்குள் ஒரு கல்சுவர் வேண்டும் என்றார் சித்தப்பா. பாறை இடுக்கில் ஒளிந்து பழகிய மீன்கள், நாலு பக்கமும் கண்ணாடியாக இருந்தால் பயந்தே செத்துவிடுமாம். சிமெண்டும் கூடாது, அதன் காரம் தண்ணீரில் இறங்கும். எனவே கருங்கல் துண்டுகளைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்க அடுக்கச் சரிந்தது. மண்டியிலிருந்து வந்த அப்பா, பின்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

“இது செவுரா? ஆடு உரசனா வுழுந்துடும்.”

“தொட்டிக்குள்ள ஆடு எங்கண்ணா வரப்போவுது?”

“தள்ளு அப்பால.”

அப்பா சட்டையைக் கழற்றினார். எங்கள் நிலத்துக் கிணற்றுக்கு உள்சுவர் கட்டியபோது, இளவயதில் அவரும் ஆட்களோடு இறங்கிக் கல் வைத்தவர். “அடியில பெருங்கல்லு. மேல போவப்போவ பின்பக்கம் சாயணும். ஒரு கல்லு ரெண்டு கல்லு மேல உக்காரணும்” என்று சொல்லிக்கொண்டே கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டார்.

“நடுநடுவுல பொந்து வுடுண்ணா.”

“பொந்து வுட்டா பாம்பு வரும்டா.”

“மீனு வரும்ணா.”

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சுவர் எழுந்துவிட்டது. அசைத்துப் பார்த்தோம், அசையவில்லை. “பந்தயம் கட்டனவரே செவுரும் கட்டிக்கினு இருக்காரு பாரு” என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

உடம்பில் வில் போல் கறுப்புக் கோடுகள் ஓடும் கீச்சான் மீன்குஞ்சுகள் சிலவும், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் சிலவும் மரக்காணத்திலிருந்து வந்து சேர்ந்தன. தெருவே வந்து பார்த்தது. “கொழம்பு எப்போ?” என்று கேட்காதவர் இல்லை.

மார்கழி பிறந்ததும் நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து செத்தன. பிறகு கீச்சான்கள், ஒவ்வொன்றாக. சித்தப்பா தண்ணீரை மாற்றினார், தீனியைக் குறைத்தார். அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். கடைசியில் வால் கிழிந்த கீச்சான் ஒன்றுதான் மிஞ்சியது. சித்தப்பா தொட்டியை விட்டு நகரவே இல்லை. அப்போதுதான் சுவரின் அடியில் பச்சையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். மீனை ஒரு குடத்துக்கு மாற்றிவிட்டு, சுவரைப் பிரித்தார். அடிக்கல்லுக்குக் கீழே, களிம்பேறிப்போன ஓட்டைக் காலணா ஒன்று கிடந்தது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

“என்ன ஏன் பாக்கறீங்க? நான் அந்தக் கல்லத் தொடவேயில்ல.”

அப்பா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். “நான்தான் வச்சேன். கடக்காலுக்குக் காசு போடாம எவனாவது செவுரு கட்டுவானா?”

“அது செம்புண்ணா. உப்புத் தண்ணியில ஊறுனா வெஷம்.”

“கெணத்துக்கும்தான் வச்சோம். ஒண்ணும் ஆவல.”

“கெணத்துல கீச்சான் இல்லண்ணா.”

அப்பா உட்கார்ந்து, இந்த முறை காசு வைக்காமல் சுவரை மறுபடி கட்டினார். புதுத் தண்ணீரும் வந்தது. ஆனாலும் அந்த ஒற்றை மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தே நீந்தியது. போகியன்று காலை, தெருவெல்லாம் பழம்பாய் எரிந்த புகை சூழ்ந்திருக்க, மீன் செத்து மிதப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். மறுநாள் தை பிறக்கிறது.

சித்தப்பா தொட்டி முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “மண்டிக்குப் போறேன் அண்ணி” என்று கிளம்பினார். அம்மா மீனை வாழையடியில் புதைத்தாள். அப்பா காலி மண்குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார்.

சித்தப்பா மத்தியானம் சாப்பிட வந்தபோது, சுவரின் பொந்திலிருந்து ஒரு கீச்சான் தலையை நீட்டியது. அப்பா இலை முன் உட்கார்ந்திருந்தார்.

“எவன் செத்துச்சின்னது? அசந்து தூங்கியிருக்குது.”

எதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போதே பழக்கம். “இது வேற மீனுப்பா. அதுக்கு வாலு கிழிஞ்சிருந்துச்சி.”

“ஆறிப்போச்சி.”

“அத அம்மா பொதச்சாங்களே. பந்தயத்துல நீங்கதாம்ப்பா ஜெயிச்சீங்க.”

“வாய மூடிக்கினு சாப்புடு” என்றாள் அம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே நின்றார்.

பொங்கல் கழிந்ததும் அப்பாவே அவரை ரயிலேற்றிவிட்டார். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மீன்களைப் படிக்கப்போகிற சித்தப்பாவுக்குக்கூட ஒரு கீச்சானுக்கும் இன்னொரு கீச்சானுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே, அங்கே போய் எப்படித் தேறப்போகிறார் என்று எனக்கு ஒரே கவலையாக இருந்தது.