எட்டாம் வாய்ப்பாடு

எனக்குக் கணக்கு வரும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எட்டாம் வாய்ப்பாட்டை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் பிள்ளைகளுக்கு அதை அவர்கள் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். ஏழு வரைக்கும் புலி, எட்டு வந்தால் எலியா என்று கேலி செய்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அறுபதுகளில் நடந்தது. சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் ஊர் வரும். எங்கள் வீட்டுக்கும் என் சிநேகிதி வீட்டுக்கும் ஒரே கூரை. யாரோ கட்டிய பெரிய வீட்டை இரண்டு குடும்பமும் ஆளுக்குப் பாதியாக வாங்கி, நடுவில் மண்சுவர் எழுப்பிக்கொண்டோம். சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. முகடு வரைக்கும் எழுப்ப யாருக்கும் பொறுமை இல்லை. அந்த இடைவெளி வழியாகப் பூனை போகும், குழம்பு வாசனை போகும், புருஷன் பெண்டாட்டி சண்டையும் போகும். எங்கள் அம்மா ரகசியம் பேச வேண்டுமென்றால் களத்துமேட்டுக்குத்தான் போவாள்.

என் சிநேகிதிக்கு என் வயது, என் வகுப்பு. அவள் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றுமில்லை, பக்கத்து வீடு என்பதால் வந்த அத்தை. அவளுக்கு ஒரு தம்பி, அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தான்.

அவளுக்கு ஏழெட்டு என்றால் ஐம்பத்தி நாலு. டீச்சர் பிரம்பால் அடித்துத் திருத்தினால் அன்றைக்கு ஐம்பத்தாறு என்பாள். மறுநாள் மறுபடியும் ஐம்பத்தி நாலு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன்டி இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் அவளிடம் நியாயம் தயாராக இருந்தது.

"எட்டெட்டு அறுவத்தி நாலு இல்ல? அதுக்கு முன்னாடி அம்பத்தி நாலுதான் வரணும். கேக்க எவ்ளோ நல்லா கீது."

அவள் தப்பாகச் சொன்னதும் நான் சிலேட்டின் மரச்சட்டத்தால் பலகையில் ஒரு தட்டு தட்டுவேன். அவள் திருத்த மாட்டாள். "தெரியும் போடி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். அந்தத் தட்டும் அந்தப் 'போடி'யும் சேர்ந்தால்தான் எங்களுக்கு எட்டாம் வாய்ப்பாடு முடிந்த மாதிரி.

அந்த வருஷம் மாசியில் அம்மை குத்துகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நான் கையை நீட்டிவிட்டு ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். அவள் ஜன்னல் வழியாகக் குதித்து, வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஓடிவிட்டாள். சாயங்காலம் வீங்கிப்போன என் கையைப் பார்த்து அப்படிச் சிரித்தாள். அந்தத் தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. குளிக்கும்போது அதன்மேல் சோப்புப் போட எனக்குப் பிடிக்காது.

பங்குனியில் பெரியம்மை வந்தது. முதலில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு, பிறகு கோயில் தெருவில் இரண்டு வீடு. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். எங்கள் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கியிருந்தவர். பூட்டுவதற்கு முன் எங்களையெல்லாம் மரத்தடியில் உட்கார வைத்தார்.

"பள்ளிக்கூடத்தைத்தான் பூட்டறேன், படிப்பை இல்ல. விளக்கு வெச்சதும் ஒவ்வொரு வீட்லயும் வாய்ப்பாடு சத்தம் கேக்கணும். நான் தெருவுல நடந்து வருவேன். எந்த வீட்ல சத்தம் வரலையோ, அந்த வீட்டுப் பிள்ளைங்களத் தொறந்ததும் தனியா கவனிச்சுக்கறேன்."

சொன்னபடியே செய்தார். விளக்கு வைத்ததும் தெரு முழுக்க வாய்ப்பாடு. ஒரு வீட்டில் இரண்டாம் வாய்ப்பாடு, எதிர் வீட்டில் ஐந்தாம் வாய்ப்பாடு, கோடி வீட்டுப் பையன் எப்போதும் பத்தாம் வாய்ப்பாடு, அது சுலபம் என்பதால். டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுவிட்டுப் போவார். நானும் அவளும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பாதிப் பாதியாகச் சொல்வோம். நான் "ஓரெட்டு?" என்பேன். அவள் "எட்டு" என்பாள். ஏழெட்டு வந்ததும் நான் சிலேட்டால் சுவரைத் தட்டுவேன். "தெரியும் போடி" மேல் இடைவெளி வழியாக வந்து விழும். எனக்குப் பள்ளிக்கூடத்தைவிட இது பிடித்திருந்தது.

ஆனால் நாளாக ஆகத் தெருவில் சத்தம் குறைந்தது. முதலில் ஐந்தாம் வாய்ப்பாடு நின்றது. பிறகு கோடி வீட்டுப் பத்தாம் வாய்ப்பாடும் நின்றது. நின்ற வீடுகளின் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். டீச்சர் அங்கே நிற்காமல், கையைக் கூப்பிக்கொண்டு கடந்து போய்விடுவார். எந்தெந்த வீட்டில் சத்தமில்லை என்பது அவருக்கு மட்டுமல்ல, அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு பாடத்தை ஏன்தான் ஏற்படுத்தினாரோ என்று இப்போது கூட எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

ஒரு நாள் காலையில் அவள் வீட்டு நிலையிலும் வேப்பிலை இருந்தது.

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டிலும் தாளிப்பதை நிறுத்தினாள், வாசனை அந்தப் பக்கம் போகக்கூடாது என்று. சட்டதிட்டமெல்லாம் சொன்னாள். அங்கே படுத்திருப்பது இனிமேல் என் சிநேகிதி இல்லை, ஆத்தா. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வாடி, போடி என்று பேசக்கூடாது. எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடாது.

"வாய்ப்பாடு சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "மெதுவா சொல்லு. ஆத்தா கேட்டுகினு இருப்பா."

அன்று சாயங்காலம் நான் கேட்டதற்கெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. படுத்துக்கொண்டே சொல்கிறாள் என்று தெரிந்தது. ஏழெட்டுக்கு ஐம்பத்தி நாலுதான். மெதுவாகத் தட்டினேன். "தெரியும்" என்றாள். 'போடி'யை விழுங்கிவிட்டாள். ஆத்தா இருக்கிற வீடு என்பதால் அவளுக்கும் சொல்லி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதில் வரவில்லை. நானே கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, நானே பதிலும் சொல்லி முடிப்பேன். அந்த நிறுத்துகிற நேரத்தில் அந்தப் பக்கம் விசிறி ஓசையும், தம்பியின் அழுகையும் கேட்கும். தம்பிக்கும் அம்மை வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கக்கூடாது என்பதால் நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அவள் எழுந்து உட்கார்ந்து, தப்பாகவாவது ஒரு பதில் சொல்ல வேண்டும்.

சொன்னாள். ஒரு சாயங்காலம் நான் "ஓரெட்டு?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல நிறுத்தினேன்.

"எட்டு."

முணுமுணுப்புதான். ஆனால் சுவரை ஒட்டி, கிட்டத்தில் இருந்து வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அவசர அவசரமாக அடுத்ததைக் கேட்டேன். பதினாறு வந்தது. இருபத்தி நாலு வந்தது. மனதில் ஓர் ஓரத்தில் குரல் ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று தோன்றாமல் இல்லை. தொண்டையிலும் முத்து போட்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழெட்டுக்கு அந்தக் குரல் "அம்பத்தி நாலு" என்றதும் சந்தேகமெல்லாம் போய்விட்டது. இந்த ஊரில் அவளைத் தவிர வேறு யார் அப்படிச் சொல்வார்கள்? ஆசையோடு தட்டினேன். "தெரியும்" வரவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னிக்கிப் போதும்" என்றாள். அந்தப் பக்கம் யாரோ நகர்ந்து இன்னும் நெருங்கி உட்காரும் ஓசை கேட்டது. அடுத்ததை எதிர்பார்த்துக் காத்திருப்பது தெரிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு. முடிச்சுடு" என்றாள்.

அதிலிருந்து தினமும் பதில் வந்தது. ஒரு நாள் டீச்சர் எங்கள் வாசலில் நின்று கேட்டார். இரண்டு குரலையும் கேட்டார். கதவு இடுக்கில் நான் அவரைப் பார்த்தேன். வேப்பிலை இருந்த பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேகமாக நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருக்கோடிக்கு அவர் வரவேயில்லை. எங்கள் படிப்பில் அவருக்குத் திருப்தி வந்துவிட்டது என்று நான் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன்.

ஆனி பிறந்து மழை பெய்தது. அம்மை இறங்கியது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று தமுக்கு அடித்தார்கள். பக்கத்து வீட்டிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்துவிட்டார்கள். திறக்கிற அன்று காலையில் அம்மா மாட்டுத் தொழுவத்தில் இருந்த நேரம் பார்த்து, சிலேட்டை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன்.

அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி, முகமெல்லாம் தழும்பு. சுவரை ஒட்டி ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது. அதில் யாரும் இல்லை. அவளுடைய சிலேட்டு ஆணியில் தொங்கியது.

"பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க அத்தை. அவ எங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள். "உனுக்குத் தெரியாதா கண்ணு? ஆத்தாகூட போய்ட்டாளே. எப்பவோ போய்ட்டாளே."

"நேத்துகூட சொன்னாளே. எட்டாம் வாய்ப்பாடு சொன்னாளே."

அத்தை தம்பியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அது நாந்தாம்மா" என்றாள்.

அம்மை கூட்டிக்கொண்டு போன பிள்ளைக்கு எங்கள் ஊரில் யாரும் அழ மாட்டார்கள். மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. அழுதால் ஆத்தாளுக்குக் கோபம் வந்து மிச்சம் இருக்கிறதையும் எடுத்துக்கொள்வாள் என்று பயம். உள்ளே தம்பி வேறு படுத்திருந்தான். அதனால் விடிவதற்கு முன்பே சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெற்றவள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று சாயங்காலமும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "ஓரெட்டு?" என்று கேட்டிருக்கிறேன். அழக்கூடாதவளுக்கு வாய் திறக்க வேறு வழி இல்லை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அத்தை, மகள் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் அம்மா பிறகுதான் எனக்குச் சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

டீச்சர் ஆஜர் எடுத்தார். அவள் பேரைக் கூப்பிடவில்லை. கோடி வீட்டுப் பையன் பேரையும் கூப்பிடவில்லை. தனியாகக் கவனிக்கிறேன் என்று சொன்ன பேச்சை அவர் மறந்தும் எடுக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் பாடமே நடத்தாமல் எங்களை விளையாட விட்டார்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். சுவர்ப் பக்கம் போகவே இல்லை. அந்தப் பக்கம் கோரைப்பாய் அசையும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அத்தை உட்கார்ந்துவிட்டாள், காத்திருக்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"பயமா கீதும்மா" என்றேன்.

"எனுக்கும்தான்" என்றாள் அம்மா. "போய் சொல்லு. நானும் கூட வரேன்."

சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அம்மா என் முதுகில் கை வைத்துக்கொண்டாள். "ஓரெட்டு?" என்றேன். "எட்டு" என்றது குரல். அன்றுதான் எனக்கு அது அத்தையின் குரலாகவே கேட்டது. இத்தனை நாளும் இதையா அவள் குரல் என்று நினைத்தேன் என்று இருந்தது. ஈரெட்டு, மூவெட்டு என்று போய் ஏழெட்டுக்கு வந்தோம்.

"அம்பத்தி நாலு."

நான் தட்டவில்லை. செத்துப்போனவளைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"ஏன் கண்ணு தட்டல?" என்று கேட்டாள் அத்தை. "அது அம்பத்தாறுன்னு எனுக்கும் தெரியும். நீ சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவ சொன்ன மாதிரி சொன்னா, நீ தட்டுவ இல்ல? தட்டும்மா."

சிலேட்டை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

வேப்பிலை எடுத்தாகிவிட்டது, இனிமேல் அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லலாம் என்பது எனக்கு அப்போது ஞாபகமில்லை.

"தெரியும் போடி" என்றாள் அத்தை.

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது அழுகை, பங்குனியிலிருந்து அவள் அழாத அழுகை எல்லாம். முகட்டு இடைவெளி வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. அம்மா எழுந்து அங்கே ஓடினாள். நான் சிலேட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். அடுத்து எட்டெட்டு கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.