கணவாய் வழுக்கிப்போன பைப்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நடந்தது இது. கணவாய் மீன் சுத்தம் செய்யும் பகுதிக்கு நான்தான் சூப்பர்வைசர். என் கீழே இருபது பெண்கள். ‘சொன்னதைச் செய்வார்களே தவிர, சொந்தமாக யோசிக்க மாட்டார்கள்’ என்று மேனேஜரிடம் அடிக்கடி குறைப்படுவேன்.

சுத்தம் செய்த கணவாயை டிரேயில் அள்ளி, ஐஸ் தண்ணீர் கிடக்கும் தரையில் நடந்துபோய், அடுத்த தொட்டியில் கொட்ட வேண்டும். ஒருநாள் அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா, “சார், பிளாஸ்டிக் பைப்ப நெடுக்க வகுந்து சாய்ச்சி வச்சா, கணவாய் தண்ணியோட தானா போயிரும்லா? தூக்கிட்டு நடக்க வேண்டாம்” என்றார்.

எனக்கு வாய்க்கொழுப்பு. “நம்ம கம்பெனிக்கு இஞ்சினியர் வந்தாச்சு! நாளைக்கு நீங்க என் சேர்ல உக்காருங்க, நான் கணவாய் உரிக்கேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்காவும் சிரித்தார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, திருச்செந்தூரில் மைத்துனரின் புது வீட்டுப் பால் காய்ப்புக்காக லீவு போட்டிருந்தேன். விருந்து சீக்கிரம் முடிந்ததால், என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று மதியம் கம்பெனிக்குப் போனேன். ஒருவர் கையிலும் டிரே இல்லை. பாதியாக வகுந்த பைப் ஒன்றில் கணவாய் வழுக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

“ஏளா, சார் வாராரு!” என்று ஒரு குரல். அந்த அக்கா பதறிப்போய்ப் பைப்பை உருவித் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈரத்தரை வழுக்கி விட்டது. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு ஒடிந்தது. கத்தி பிடிக்கிற கை, அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற கை.

நான் லீவு போட்ட நாளெல்லாம் இப்படித்தான் வேலை நடந்திருக்கிறது. அந்த நாட்களில் வேலை சீக்கிரம் முடிந்ததை ரிஜிஸ்டரில் பார்த்து, எல்லாம் நான் பழக்கிவிட்ட ஒழுங்கு என்று மேனேஜரிடம் மார்தட்டியவனும் நான்தான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, “எனக்குப் பயந்தா ஓடுனீங்க? நான் ஏசவா போறேன்?” என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஏசுனாக்கூடப் பரவால்ல சார். மறுபடியும் சிரிச்சிருவியளோன்னுதான்.”

மன்னிப்புக் கேட்க எனக்கு மறுநாள்தான் வாய் வந்தது.

கை சரியாகி அவர் திரும்பி வருவதற்குள், அந்தப் பைப்பை நானே ஆள் வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டேன். மேனேஜரிடமும் இது யாருடைய யோசனை என்று சொன்னேன். ஆனால், “வேற ஏதாவது தோணினா சொல்லுங்கக்கா” என்று எத்தனை முறை கேட்டும், இன்றுவரை அந்த இருபது பேரில் ஒருவர்கூட என்னிடம் வாய் திறக்கவில்லை.