அம்மன் ஏறிய இத்தாலிக் கார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மன் காரியம். எட்டாவது வரை படித்தவள் நான். ஒரு சொல் கூடக்குறைய விழுந்துவிடுமோ என்ற பயம். இன்று விளக்கேற்றி, அவளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளில் ஒரு மாசி மகம். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அம்மனை மாட்டு வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோவோம். உச்சிப்பொழுதுக்குள் அவள் முழுகியாக வேண்டும். தவறினால் அந்த வருஷம் ஊருக்கே ஆகாது என்பார்கள். முதன்முறையாக என் சித்தப்பாவிடம் பொறுப்பு வந்திருந்தது. கிளியனூர் தாண்டியதும் அச்சு முறிந்தது. பக்கத்து ஊர் வண்டிகளெல்லாம் மகத்துக்குப் போய்விட்டிருந்தன. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. சித்தப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. மேலே கூரையே இல்லை.

"இன்னாங்க இது, கூரை காத்துல பறந்துடுச்சா?" என்றாள் அத்தை.

"இத்தாலி வண்டிம்மா, வர்றதே இப்படித்தான். மெட்ராஸ்ல கப்பல்ல வந்து எறங்குச்சு. மொதலாளி வீட்டுக்கு எடுத்துனு போறேன்" என்றார் டிரைவர். "ஒரு கீறல் உழுந்தாலும் என் வேலை போயிடும்."

சித்தப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டி, நடுரோட்டில் கைகூப்பி நின்றார். "அம்மனுக்குக் குடை புடிச்சினு நிக்க, கூரையில்லாத இத உட்டா வேற எந்த வண்டிங்க தோதுப்படும்? அவளே அனுப்பினாப்பல வந்திருக்கிங்க."

டிரைவர் அம்மனைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

"அம்மனுக்கு முதுகக் காட்டினு ஓட்டுவானா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்குக் கிளம்பினார்.

"மாட்டு வண்டிக்காரன் மட்டும் இன்னா, மாட்டுக்கு முதுகக் காட்டினா ஓட்டுனான்?" என்று அத்தை அவர் வாயை அடைத்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். குங்குமத்தைக் குழைத்துக் காரின் முன்பக்கம் அப்பப் போக, "ஐயோ, பெயிண்டுங்க!" என்று டிரைவர் அலறினார்.

அவர் பூட்ஸைக் கழற்றக் குனிந்தபோதே நான் பார்த்துவிட்டேன். புழுக்கத்துக்குத் திறந்துவிட்டிருந்த சட்டைக்குள்ளிருந்து சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை வெளியே தொங்கியது. சித்தப்பாவும் பார்த்தார். கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கிட்டப் போய், சிலுவையைச் சட்டைக்குள் போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டிவிட்டார். டிரைவர் அம்மனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

காரில் சித்தப்பா மடியில் உட்கார்ந்து கேட்டேன், "இந்த வெயில்ல எதுக்குச் சித்தப்பா பொத்தானப் போட்டு உட்டீங்க?"

"காத்து அடிக்கும் பாப்பா."

அதையும் நம்பினேன்.

உச்சிக்கு முன்பே அம்மன் முழுகினாள். டிரைவர் சுடுமணலில் வெறுங்காலோடு நின்று பார்த்தார். பொத்தானை அவர் அவிழ்க்கவே இல்லை.

இப்போது ஊரில், கார் ஆளில்லாமல் தானாக வந்தது என்கிறார்கள். அம்மனுக்கு அதுதான் பெருமை என்று நினைக்கிறார்கள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியில் சித்தப்பா எதற்குத் துணிந்தார் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. அம்மன் அன்று எங்கே இருந்தாள் என்பதும்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் எதையும் கூட்ட வேண்டாம். டிரைவரை மட்டும் காரிலிருந்து இறக்கிவிடாதீர்கள்.