டொபி டின்னுக்குள் நித்திரை

நித்திரை கொள்வதில் என்னை வெல்ல விடத்தல்தீவில் ஆள் இல்லை. தலையணையைக் கண்டால் போதும்... ஆள் அவுட்!

பொய். சுத்தப் பொய். தலையணையைக் கண்டால் எனக்குக் கொட்டாவிகூட வராது.

சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து எங்களைக் கொண்டுவந்து சொந்த ஊரில் இறக்கினார்கள். தகரம் தந்தார்கள், சீமெந்து தந்தார்கள், சட்டி பானைகூடத் தந்தார்கள். என் நித்திரையை மட்டும் இன்னும் ஒருவரும் மீள்குடியேற்றவில்லை.

கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் புலம்பினேன். பார்சலில் ஒரு போத்தல் வந்தது. மெலடோனினாம். இருட்டினால் உடம்பு தானாகவே சுரக்கிற சாமானாம், இது அதன் கடைச் சரக்கு. குளிசையும் இல்லை — சிவப்பாக, மெத்தென்று, சீனி தூவின டொபி! மருந்தை இவ்வளவு ருசியாகச் செய்தால் மனிதன் என்ன செய்வான்?

போத்தலில் நிறைய எழுதியிருந்தது. எல்லாம் ஆங்கிலம். நான் படித்த படிப்புக்குப் படம் மட்டும்தான் விளங்கும்.

மூடிதான் வில்லன். அமத்திக்கொண்டு திருக வேண்டுமாம். சின்னப் பிள்ளைகள் திறக்கக் கூடாது என்று செய்த மூடி. ஐம்பது தாண்டிய பிள்ளையாலும் திறக்க முடியவில்லை! மீன் வெட்டுகிற கத்தியால் போத்தலின் கழுத்தை அறுத்தேன். டொபிகளை ஒரு வெளிநாட்டு டொபி டின்னுக்குள் கொட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் மகள் டிலானியைப் பெண் பார்க்கப் பேசாலையில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளை யூட், தாய், தகப்பன். மாப்பிள்ளை சொந்தமாக வான் வாங்கி ஆள் ஏற்றி ஓடுகிறவர். நல்ல இடம். முன்பு வந்தவர்கள் எல்லாம் பாதி கட்டின எங்கள் வீட்டையும், முழுதாகத் திறந்த என் வாயையும் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். அதனால் மனைவி ரெஜினா என்னைச் சோடா வாங்க அனுப்பிவிட்டாள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் வெளிநாட்டு இனிப்பு வைக்காவிட்டால் மரியாதையா? டின்னில் இருப்பது வெறும் டொபி என்று நினைத்து ரெஜினா அலுமாரிக்கு மேலே எட்டினாள்...

நான் சோடாவோடு வரும்போது தட்டு வெறுமை!

"டொபி நல்ல சோக்கு ஐயா," என்றார் தகப்பன். நாலு திண்டிருக்கிறார். மாப்பிள்ளை இரண்டு. தாய்க்கு இனிப்புப் பிடிக்காதாம். தப்பினார்.

என்ன செய்வேன், சொல்லுங்கள்? வாயைத் திறந்தால் சம்பந்தம் போச்சு. நித்திரை மருந்து கொடுத்துக் கலியாணம் பேசின குடும்பம் என்று பேசாலை முழுக்கச் சிரிக்கும். திறக்காவிட்டால்? அவர்களுடைய வான், பாலம் தாண்டிப் பேசாலை இருக்கிற தீவுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் கடல்!

தகப்பனின் தலை சரிந்தது. மாப்பிள்ளை ஒரு கொட்டாவி விட்டான். "அப்பா, வெளிக்கிடுவமோ?" என்று வான் திறப்பை எடுத்து, சாவிக் கொத்தைக் கிலுக்கினான்.

குசினிக்குள் ஓடினேன். டிலானியின் காதில் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே நிற்க வேண்டிய பெண், சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுக்கென்று வெளியே வந்தாள்.

"திறப்பைத் தாங்கோ."

"ஏன்?"

"நீங்கள் திண்டது நித்திரைக்கு எடுக்கிற மருந்து. அப்பான்ர திருகுதாளம். இண்டைக்கு நீங்கள் வான் ஓடக் கூடாது."

தாய் எழும்பிவிட்டார். "ஐயோ மாதாவே! என்ர மனுசன் பிரஷர் குளிசை போடுறவரெல்லே!"

"பயப்படாதேங்கோ மாமி. ஓட்டோ பிடிச்சு டொக்டரிட்டைக் காட்டுவம்."

தகப்பனையும் தாயையும் ஏற்றிக்கொண்டு நான் போனேன். ஆஸ்பத்திரியில் தகப்பனுக்குப் பிரஷர் பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள். ஆபத்தில்லை, நித்திரைதான். கத்திக் கதை, டின் கதை எல்லாம் நான் சொன்ன பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எத்தினை எடுக்கிறனீங்கள்?"

"ரண்டு டொக்டர். நித்திரை வராட்டில் நாலு. அதுக்குப் பிறகு... ருசிக்கு ஒண்டு."

"இது ருசிக்குத் தின்னுற சாமானோ? ஆகக் குறைஞ்ச அளவிலை தொடங்கோணும். படுக்கிறதுக்கு ஒண்டு ரண்டு மணித்தியாலத்துக்கு முதல் எடுக்கோணும். கூடப் போட்டால் நித்திரை கூடாது, தலையிடிதான் கூடும். எடுத்தால் வானும் ஓடக் கூடாது, வள்ளமும் ஓடக் கூடாது. சாராயத்தோடை தொடவே கூடாது. பிரஷருக்கு, சீனி வியாதிக்கு, ரத்தம் உறையாமல் இருக்கிறதுக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் எங்களைக் கேக்காமல் எடுக்கக் கூடாது. போத்தலை ஏன் மாத்தினீங்கள்? சின்னப் பிள்ளை ஒண்டு டொபி எண்டு திண்டிருந்தால்?"

கொண்டுபோன டொபி டின்னை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"கன காலமா நித்திரை இல்லையோ?" குரல் கொஞ்சம் இறங்கியது.

"முகாமிலையிருந்து, டொக்டர்."

"அப்ப டொபியை விட்டுட்டுக் கிளினிக்குக்கு வாங்கோ. இருந்து கதைப்பம்."

தாய் தகப்பனோடு வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், மாப்பிள்ளை எங்கள் கதிரையில் வாயைத் திறந்தபடி குறட்டை. பக்கத்தில் டிலானி, கையில் திறப்போடு காவல்! பெண் பார்க்க வந்தவனைப் பெண் இருந்து பார்த்த கதை உலகத்தில் வேறு எங்காவது நடந்ததுண்டா?

விடிந்ததும் புறப்பட்டார்கள். தகப்பன் உசாராக எழும்பி வந்து வானில் ஏறினார். "பிறகு சொல்லுறம்," என்றார் தாய். மாப்பிள்ளை டிலானியிடம் திறப்பை வாங்கிக்கொண்டு, "வாறன் ஐயா," என்றான் என்னிடம். அவ்வளவுதான். அன்றிலிருந்து ரெஜினா எனக்குச் சோறு மட்டும்தான் போடுகிறாள், பேச்சில்லை. இப்போது நான் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். அங்கே முதல் நாள் டொக்டர் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? அவர் கேட்டது —

"இஞ்சாருங்கோ! எழுதினது காணும், ஓடி வாங்கோ! பேசாலையிலையிருந்து போன்!"

ரெஜினாதான், பேசிவிட்டாள்! "ஆர்? என்னவாம்?"

"யூட்தான். 'மாமா நிக்கிறாரோ' எண்டு கேக்கிறான்!"

மாமாவா? நானா?! பேனையை வைக்கிறேன், வாசகர்களே... ஓட வேண்டும்!