மேசைக் காலில் புஷ்பலதா மேடம் போட்ட கோடு

புஷ்பலதா மேடம் இறந்துவிட்ட செய்தி அம்மாவின் செல்போனுக்குக் குரல் பதிவாக வந்தது. அம்மாவோடு வேலை பார்க்கும் கருக்களாச்சேரி ரமணி அக்கா பேசியிருந்தார். "டேப்பு மேடம் போயிட்டாங்கடி. நாலு நாள் காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில சேர்த்தும் ஒண்ணும் பண்ண முடியல." அம்மா அடுப்படியில் இருந்ததால் நான்தான் முதலில் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதிதான் வந்தது. அம்மாவிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. ஆனால் வந்தது வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டில் அவர் வீட்டில் படத்திறப்பு. அன்று கொடுக்கப்போகும் சிறு நினைவு மலருக்கு, வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்யும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் வலது கை இன்னும் பேனா பிடிக்கும் அளவுக்கு வரவில்லை. சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் ஐந்து வரி எழுதி உறையில் வைத்தேன். சிரித்த முகம், நல்ல மனசு என்று எல்லோரும் எழுதுவது போலத்தான் இருந்தது. எல்லோரும் தூங்கிய பிறகு, அதே மலருக்கு இதை எழுதுகிறேன். வெளிச்சம் போதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம் என்ன வேலை பார்த்தார் என்பது அவர் தெருவிலேயே பலருக்குச் சரியாகத் தெரியாதாம். "நாற்காலி டாக்டர்" என்பார்களாம். அவர் பிசியோதெரபி படித்தவர். அம்மா வேலை செய்யும் அலுவலகம், வீட்டில் உட்கார்ந்து மருத்துவமனை பில்களைத் தட்டச்சு செய்யும் பெண்களுக்குக் கணினியும் நாற்காலியும் கொடுத்தது. அவர்கள் உட்காரும் விதத்தில் கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மேடத்தை வைத்திருந்தது. ஸ்கூட்டரில் வருவார். கைப்பையில் ஒரு தையல்காரர் டேப் இருக்கும். அதனால்தான் எங்களுக்கு டேப்பு மேடம்.

முதல் தடவை எங்கள் பூவம் வீட்டுக்கு அவர் வந்தபோது, புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கூடத்தில் வைத்திருந்தோம். அம்மா அதை முந்தானையால் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்றார்.

"இதுல என்னை உக்கார வச்சா நான் யாருக்கு அளவெடுக்கறது?" என்று சொல்லிவிட்டு மேடம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க தினமும் எப்படி வேலை பாப்பீங்களோ அப்படி உக்காருங்க அக்கா."

அம்மா ஆதார் அட்டைக்குப் படம் எடுப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் டேப்பை எடுக்கவே இல்லை. மீன் விலையைப் பேசினார். ஏலத்தில் எத்தனை மணிக்குப் போய் நின்றால் நல்ல இறால் கிடைக்கும் என்று சொன்னார். அம்மா பேச்சில் மயங்கி, ஒரு காலை மடக்கி நாற்காலிமேல் வைத்து, கழுத்தைத் திரையிடம் நீட்டிவிட்டார். மேடம் சட்டென்று எழுந்து, "அப்படியே இருங்க, அசையாதீங்க. இப்பதான் நான் உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்" என்று அளக்கத் தொடங்கினார். அம்மா வெட்கப்பட்டுக் காலைக் கீழே இறக்கப் பார்த்தார். "ஆள் வந்தா நிமிர்றது மரியாதைக்கு. ஆள் இல்லாதப்ப எப்படி இருக்கீங்கன்னுதான் எனக்குத் தெரியணும்" என்றார் மேடம். அவர் சொன்னதில் இந்த ஒரு வாக்கியம் இப்போது என்னை விட மாட்டேன் என்கிறது.

அதன் பிறகு மாதாமாதம் செல்போனில் ஒரு படிவம் வரும். அதில் ஒரு மனித உருவம் இருக்கும். கழுத்து, தோள், மணிக்கட்டு என்று எங்கே வலிக்கிறதோ அங்கே தொட வேண்டும். மேசையில் உட்கார்ந்திருப்பது போல ஒரு படமும் சேர்த்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும்; அவர் பார்த்து அலுவலகத்துக்கு அனுப்புவார். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மா என்னிடம் கொடுத்துவிடுவார். வலி என்று தொட்டால் மேடம் நேரில் வருவார். தொடாவிட்டால் வரமாட்டார்.

நான் பிளஸ் டூ போனபோது அந்த நாற்காலி என் படிப்பு மூலைக்கு வந்துவிட்டது. நான் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதுகு வலிக்கிறது, படிக்க முடியவில்லை என்று ஒரு வாரம் முனகினேன். "பாப்பா படிக்கட்டும், நமக்கென்ன, தட்டுறதுதானே" என்று அம்மா பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறிக்கொண்டார். அதன் உயரம் போதாமல் தலையணை போட்டுக்கொண்டார். மாதம் ஒரு நாள் நாற்காலியை அம்மாவிடம் தள்ளிக்கொண்டு போவேன். அம்மா நிமிர்ந்து உட்காருவார், நான் படம் எடுப்பேன், திரும்ப என் மூலைக்குத் தள்ளிக்கொண்டு வருவேன். "சீக்கிரம் எடுடி, வயிறெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கேன்" என்று அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

படிவத்தை நிரப்பும்போது, "கட்டைவிரல் மரத்துப் போவுது, தோள்பட்டை குடையுதுன்னு போடு" என்று அம்மா சொல்வார். சரி என்பேன். எதையும் தொடாமல் அனுப்பிவிடுவேன். மேடம் வந்தால் நாற்காலி இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்ற பயம். ஏழு மாதம் அப்படி அனுப்பினேன். மேடம் ஏன் வரவே இல்லை என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, "அவங்களுக்கு எத்தனை வீடு இருக்கும்மா" என்று சொன்னேன்.

ஒரு நாள் காலையில் அம்மாவின் கையிலிருந்து பால் பாத்திரம் நழுவியது. பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியவில்லை என்றார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். வேலைக்கு விடுப்புக் கேட்டதும் அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். ஏழு மாதமாக வலியே இல்லை என்று படிவம் வந்திருக்கிறதே, நீங்கள்தான் நிரப்பினீர்களா என்று கேட்டார். அம்மா போனை மார்போடு பொத்திக்கொண்டு, "பாப்பா, நீ வலின்னுதானே போட்டே?" என்றார்.

"நான் போட்டேம்மா. மேடம் மாத்திட்டாங்க போல" என்றேன்.

அம்மா அதையே போனில் சொன்னார். வீடு வீடாகப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே படிவங்களை மாற்றி அனுப்பினார் என்று மேடத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உங்களில் பலர் அதை நம்பினீர்கள். எங்கள் வீட்டிலும் நம்பினார்கள். நம்பாத ஒருத்தி நான் மட்டும்தான்.

வேலை போன பிறகும் மேடம் வந்தார். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "டீ போடறேன்" என்று உள்ளே போய்விட்டார். மேடம் என் மூலையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது உன் உயரத்துக்கு இருக்கு" என்றார்.

நான் விரித்திருந்த புத்தகத்தை மூடி வைத்தேன்.

"படிவமும் நீதானா?"

தலையை ஆட்டினேன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க மேடம்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மெதுவாகத்தான் பேசினார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் தப்பிக்கப் பாக்குறேன்னு சொல்வாங்க. நீ சொல்லணும். பரிட்சை முடிஞ்சு சொல்லு, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன். நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத."

அம்மா டீயோடு வந்ததும் அவர் வேறு ஆளாகிவிட்டார். நாற்காலியை அவரே அம்மாவின் மேசைக்குத் தள்ளினார். அம்மாவை உட்கார வைத்து இறக்கினார், ஏற்றினார். காலுக்கடியில் எங்கள் வீட்டு மணையைப் போட்டார். திரைக்கு அடியில் என் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கினார். "முழங்கை மேசையோட சமமா இருக்கணும். தோள் தூக்கிக்கிட்டா நாற்காலி தாழ்வுன்னு அர்த்தம்" என்றார். பிறகு என்னிடம் நகப்பூச்சு கேட்டு வாங்கி, நாற்காலியின் சீட்டு நிற்க வேண்டிய உயரத்தில் மேசைக் காலில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். "யாராவது மாத்தினா தெரிஞ்சிடும்" என்றார். அம்மா சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படித்தால் அலுவலகம் அம்மாவின் வேலையை எடுத்துவிடலாம். அவர்களிடம் ஒன்று சொல்கிறேன். அம்மா நாற்காலியை எனக்குக் கொடுத்தார், படத்துக்கு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வலியைச் சொன்னவர் அம்மா. மறைத்தவள் நான். மேடம் எந்தப் படிவத்தையும் தொடவில்லை. வலி என்று வந்திருந்தால் அன்றைக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தக் கோடு. அம்மா இடது கையால் முடிந்தவரை தட்டிவிட்டு எழுந்து போன பிறகு தினமும் குனிந்து பார்க்கிறேன். சீட்டு அதே உயரத்தில் நிற்கிறது.

காலையில் இதை முதலில் அம்மா கையில் கொடுப்பேன். அம்மா கிழித்துப் போட்டால் மறுபடி எழுதுவேன். நான் அனுப்பிய ஏழு படிவங்களிலும் அம்மாவின் பெயரைத்தான் போட்டேன். இதில் என் பெயரைப் போடுகிறேன்.

த. மகாலட்சுமி
பூவம்